அனுஷமும் கேட்டையும் உடன்பிறப்புகள்: ஓபி கூட்டங்களின் கதை

பஞ்சாங்கம் அனுஷம், கேட்டை என்று தனித்தனியாக எண்ணும் நட்சத்திரங்கள் இரண்டும் பிறப்பால் ஒரே குடும்பம். அனுஷத்தின் மூன்று விண்மீன்கள், கேட்டையின் நடுவே சிவந்து நிற்கும் பெரிய விண்மீன், அதன் இருபுறமும் உள்ள சிறிய இரண்டு என ஆறுமே சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு மேகத்திலிருந்து பிறந்தவை. ஐந்து இன்னும் நீல வெண்மையாக எரிகின்றன. நடுவிலிருப்பது மட்டும் எடை மிகுந்தது. எரிபொருளை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டதால் இந்த வயதிலேயே ஊதிச் சிவந்துவிட்டது.

இத்தகைய குடும்பங்களுக்கு ஓபி கூட்டம் என்று பெயர். ஓ, பி என்பவை நிறமாலை வகைகள், அதாவது விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்து வகுத்தவை. ஓ வகையின் மேற்பரப்பு வெப்பம் 30,000 கெல்வினுக்கு மேல். பி வகை 10,000 முதல் 30,000 வரை. சூரியன் 5,800 கெல்வின்தான். சூரியனைப்போல் 20 மடங்கு எடையுள்ள விண்மீன் ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும். 40 மடங்கு என்றால் சுமார் 50 லட்சம் ஆண்டுகள். சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டுகள் ஆயுள். ஆகவே வானில் ஓ வகை விண்மீன் ஒன்றைக் கண்டால், அது பிறந்த இடம் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பலாம். வெகுதூரம் போக அதற்கு நேரமே கிடைத்திருக்காது. 1951-இல் அமெரிக்க வானியலாளர் வில்லியம் மார்கன் குழுவினர் நம் பால்வழியின் சுருள் கைகளை முதன்முதலாக வரைந்துகாட்டியது இந்த நீல விண்மீன்களை அடையாளக் கற்களாக வைத்துத்தான்.

கூட்டம் வேறு, கொத்து வேறு. கார்த்திகை ஒரு கொத்து: விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்திருப்பதால் 10 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் கலையவில்லை. ஓபி கூட்டத்தில் அந்தப் பிடிப்பு கிடையாது. 1947-இல் ஆர்மீனிய வானியலாளர் விக்டர் அம்பர்சுமியான் சுட்டிக்காட்டியது இதைத்தான். ஒரு கன பார்செக்கில், அதாவது சுமார் 35 கன ஒளியாண்டு இடத்தில், 0.1 சூரிய எடைக்கும் குறைவாகப் பொருள் இருந்தால் பால்வழியின் ஈர்ப்பே அந்தக் குழுவைப் பிய்த்துப் போட்டுவிடும். அப்படிப்பட்ட குழுக்களை இன்றும் பார்க்கிறோம் என்றால் அவை அண்மையில் பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும். விண்மீன் பிறப்பு என்றோ முடிந்துபோன கதையில்லை, இன்றும் நடக்கிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

பிடிப்பு ஏன் இல்லை? மூலக்கூறு மேகம் 10 முதல் 20 கெல்வின் வரை குளிர்ந்தது. அதில் சிறு பங்குதான் விண்மீனாகும்; மற்றதெல்லாம் வாயுவாகவே கிடக்கும். குஞ்சுகளைக் கூட்டுக்குள் வைத்திருப்பது அந்த வாயுவின் எடை. ஓ வகை விண்மீன் ஒன்று எரியத் தொடங்கியதும் அதன் புறஊதாக் கதிர் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்கி 10,000 கெல்வினுக்குச் சூடேற்றுகிறது. நொடிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில் விண்மீன் காற்றும் வீசுகிறது. வாயு கலைந்து ஓடுகிறது. மொத்த எடையில் பாதிக்கு மேல் சட்டென்று போய்விட்டால், மிச்சமுள்ள ஈர்ப்பால் விண்மீன்களைப் பிடித்து வைக்க முடியாது. அந்தந்த விண்மீன் இருந்த வேகத்திலேயே தன் வழியே போகும். இதுவே முழுக்கதை என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் அளவீடுகள் வந்தபின் அது பாதிக்கதை என்று தெரிகிறது: பல கூட்டங்கள் ஒரே மையத்திலிருந்து விரிந்தவையே அல்ல; சிறுசிறு குழுக்களாக, முதலிலேயே பரவலாகப் பிறந்தவை.

அனுஷமும் கேட்டையும் சேர்ந்த விருச்சிகம்-சென்டாரஸ் கூட்டம்தான் நமக்கு மிக அருகில் உள்ளது. சுமார் 400 முதல் 470 ஒளியாண்டு தொலைவு. வானில் 70 பாகைக்கு மேல் நீள்கிறது. கையை நீட்டிச் சாண் விரித்தால் சுமார் 20 பாகை. அதுபோல் மூன்றரைச் சாண். தெற்குச் சிலுவையின் நீல விண்மீன்கள் அதன் மறுமுனை. வைகாசி இரவில் தெற்கே பார்த்து நின்றால் இந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே கிடக்கும். ஆனாலும் கூட்டமாகத் தெரியாது. வடிவத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது, நகர்வை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு விகலை. 460 ஒளியாண்டு தொலைவில் உள்ள விண்மீன் குறுக்காக நொடிக்கு 1 கிலோமீட்டர் ஓடினால், வானில் ஆண்டுக்கு 0.0015 விகலை நகரும். கையா இதைவிடப் பல மடங்கு நுட்பமாக அளந்தது. ஒரே தொலைவு, ஒரே திசை, ஒரே வேகம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. பிறகு நிறமாலையில் இளமையைச் சரிபார்க்க வேண்டும். சிறிய விண்மீன்களில் 6,708 ஆங்ஸ்ட்ராமில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) லித்தியக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயதானவை லித்தியத்தை எரித்துத் தீர்த்திருக்கும். பெரியவற்றில் ஹீலியக் கோடுகள்: 4,471-இல் நடுநிலை ஹீலியம், 4,541-இல் அயனியான ஹீலியம். இரண்டும் சம வலிமை என்றால் அது ஓ7 வகை, ஓ வகைக்குள் வெப்பப்படி எண்ணிட்ட உட்பிரிவு. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் 30,000 கெல்வினுக்கு மேல் நீலம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தூசி மறைத்தால் நீலமே சிவப்பாகத் தெரியும். அன்னம் மண்டலத்தில் சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள சிக்னஸ் ஓபி2 பெரும் கூட்டம். அதன் 12ஆம் எண் விண்மீனின் ஒளியைத் தூசி பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.

சறுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. நம்மை நோக்கி வரும் கூட்டம், எதிரே வரும் பறவைக் கூட்டம்போல, விரியாமலேயே விரிவதாகத் தோன்றும். நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அருகே வருகிறது என்றால், மையத்திலிருந்து தொலைவில் பத்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கும் விண்மீனுக்கு 0.6 கிலோமீட்டர் போலி வேகம் சேரும். உண்மையான விரிவே அந்த அளவில்தான் இருக்கும் என்பதால், இதைக் கழிக்காமல் விரிவை வைத்துச் சொன்ன வயது செல்லாது. கழிக்க, பார்வைத் திசை வேகம், அதாவது நம்மை நோக்கியோ விலகியோ ஓடும் வேகம், வேண்டும். அங்கே ஓ, பி விண்மீன்கள் ஒத்துழைப்பதில்லை: வேகமாகச் சுழல்வதால் கோடுகள் அகன்று மங்கும், பெரும்பாலும் இரட்டையாக இருப்பதால் வேகமும் ஆடும். பிறந்த இடத்தைத் தேடி விண்மீனின் பாதையைப் பின்னோக்கி ஓட்டும்போது நொடிக்கு 0.5 கிலோமீட்டர் பிழை, 1 கோடி ஆண்டுகளில் சுமார் 17 ஒளியாண்டுப் பிழையாகும். போதாததற்கு, கேட்டை போன்ற மிகப் பிரகாசமானவை கையாவின் கண்ணைக் கூசவைத்தன. அதனால் கூட்டத்தின் வரலாற்றை நம்பகமாகச் சொல்வது வெறும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறிய விண்மீன்கள்தான்.

இக்குடும்பத்திலிருந்து தெறித்து ஓடியவையும் உண்டு. சர்ப்பதாரி மண்டலத்து சீட்டா விண்மீன், ஓ9.5 வகை, முன்னே வில்போன்ற அதிர்வலையைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. அகச்சிவப்புப் படத்தில் அந்த வில் தெளிவாகத் தெரியும். அதன் இணை விண்மீன் வெடித்தபோது பிடி விட்டுப் பாய்ந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம்.

அப்படிப்பட்ட வெடிப்புகளின் சாம்பல் பூமியிலும் கிடைத்திருக்கிறது. இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பின் அரைவாழ்வு 26 லட்சம் ஆண்டு. பூமி உருவானபோது இருந்ததெல்லாம் அழிந்திருக்கும். ஆனால் பசிபிக் கடலடியின் இரும்பு-மாங்கனீசு மேலோட்டில், சுமார் 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் அது இருக்கிறது. வந்த இடமாக ஆய்வாளர் பலர் கைகாட்டுவது விருச்சிகம்-சென்டாரஸ் கூட்டத்தை. அந்த மேலோடு பத்து லட்சம் ஆண்டுகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே அந்த இரும்பு புதைந்திருப்பது ஒரு விரல்நக அகல ஆழத்திற்குள்.