இடஞ்சார் மாதிரியுருவாக்கம்: மூத்தோரின் வாய்ச் சுகாதாரத்தில் இச்சொல் குறிப்பது என்ன?

ஆங்கிலத்தில் ‘ஸ்பேஷியல் மொடலிங்’ எனப்படுவது. நோய், சேவை, மக்கள் ஆகியன எங்கெங்கே உள்ளன, அவற்றுக்கிடையே தூரம் என்ன செய்கிறது என்பவற்றைக் கணக்காக எழுதி, ஒன்றை மாற்றினால் மற்றது எப்படி மாறும் என்று பார்க்கும் முறை. பல் வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பதைத் தேசப்படம் காட்டிவிடும். அவரைக் கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் இருத்தினால் எந்தெந்தக் கிராமத்து முதியவர்களுக்குப் பயன்படும் என்று கேட்டால் மாதிரியுரு வேண்டும்.

‘ஸ்பேஷியல்’ என்பதன் வேர் இலத்தீன் ‘ஸ்பாட்டியும்’. இடப்பரப்பு, தூரம், கால இடைவெளி மூன்றையும் அச்சொல் குறித்தது. ‘மொடல்’ என்பது சிறு அளவு எனப் பொருள்படும் ‘மொடுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. துறையின் அடிப்படை எண்ணத்தை 1970இல் புவியியலாளர் வால்டோ டோப்ளர் சொன்னார்: எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையவை, அருகிலுள்ளவற்றின் தொடர்பு அதிக வலுவானது.

தமிழில் சிலர் ‘வெளிசார்’ என்பர். வெளி என்றதும் விண்வெளி நினைவுக்கு வரும். பல் வைத்தியத்திலோ அது பல்லிடைவெளி. இடம் + சார் = இடஞ்சார் என்பதே தெளிவு. ‘மொடல்’ என்பதற்கு ‘மாதிரி’ என்று எழுதுவதுதான் பெருங்குழப்பம். இரத்தமும் உமிழ்நீரும் ‘மாதிரி’யாகவே எடுக்கப்படுகின்றன. கட்டுப்பல் செய்வதற்காகச் சாந்தில் வார்க்கும் தாடை அச்சையும் வைத்தியர்கள் மொடல் என்றே அழைப்பார்கள். ஆய்வறிக்கையில் ‘மாதிரிகள் ஒப்பிடப்பட்டன’ என்றால் எதை ஒப்பிட்டார்கள்? எங்கள் பாடநூல்களில் ‘அணு மாதிரியுரு’ ஏற்கெனவே பழகிய சொல். ஆகவே பொருள் மாதிரியுரு, செயல் மாதிரியுருவாக்கம். (19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். இந்தச் சொல்லுக்குத் தயங்க வேண்டியதில்லை.)

மூத்தோர் விடயத்தில் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? முரசு (ஈறு) கீழிறங்கி வேர் தெரியும்போது வரும் பற்சூத்தை, மருந்துகளால் வரும் வாய் வறட்சி, வெற்றிலை பாக்கால் வரும் வாய்ப் புண்ணும் புற்றும் ஒருமுறை பார்த்து முடிகிற காரியங்கள் அல்ல. முழுக் கட்டுப்பல்லுக்கு முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கடி அளவு, மெழுகில் வைத்துப் பார்த்தல், கையளித்தல் என வழக்கமாக ஐந்து வருகை; பின் உரசும் இடத்தைத் தேய்க்க இன்னும் ஒன்றிரண்டு. நடக்கச் சிரமப்படுகிறவருக்குத் தூரம் அத்தனை தடவை பெருகுகிறது.

அடைவு வசதியை, அதாவது சேவையை எவ்வளவு எளிதாக எட்டலாம் என்பதைக் கணிக்க எளிய வழி ஈரடுக்குக் கணக்கு. முதலில் ஒவ்வொரு சிகிச்சை நிலையத்தையும் சுற்றி, உதாரணமாக, 30 நிமிடப் பயண எல்லை வரைந்து, அதற்குள் இருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டோரைக் கூட்டி, வைத்தியர் எண்ணிக்கையை அத்தொகையால் வகுக்க வேண்டும். பிறகு மிகச் சிறிய நிர்வாகப் பிரிவான ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும், அதிலிருந்து எட்டக்கூடிய நிலையங்களின் விகிதங்களைக் கூட்ட வேண்டும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: முதல் நிலையத்தில் முழுநேர வைத்தியர் ஒருவர், எல்லைக்குள் 2,000 முதியவர்கள், ஆயிரத்துக்கு 0.5. இரண்டாவதில் கிழமைக்கு ஐந்தில் இரண்டு நாள் மட்டும், அதாவது 0.4 வைத்தியர், 1,600 பேர்; ஆயிரத்துக்கு 0.25. இரண்டையும் எட்டும் கிராமத்துக்கு 0.75. எதையும் எட்டாத தீவுக்குப் பூச்சியம். வைத்தியரைத் தலைக்கணக்கில் எண்ணாமல் நாட்கணக்கில் எண்ணுவதை மறக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் இக்கணக்கைக் கெடுப்பது நேர்கோட்டுத் தூரம். காரைநகரும் ஊர்காவற்றுறையும் படத்தில் கையெட்டும் தூரம், இடையே கடல். பாதை (ஆட்களை ஏற்றும் மிதவை) ஓடாத வேளையில், ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலத்தால் நகருக்கு வந்து, பொன்னாலைப் பாலம் ஏறித்தான் மறுகரை சேரலாம். நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு. காத்திருப்பும் கடைசிப் படகு நேரமும் கணக்கில் சேர வேண்டும், காற்றுக் காலத்துக்குத் தனி நேரமும் வேண்டும். கார் வேகத்தைக் கொடுத்து வீதித் தூரம் கணித்தாலும் பிழைதான், முதியவர் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போகிறார்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. இவ்வளவு சிறிய பிரிவில் ஒருவருக்கு வாய்ப் புற்று வந்தாலே விகிதம் எகிறிப் படம் சிவந்துவிடும். அயல் பிரிவுகளின் விகிதத்தோடு சேர்த்துச் சமன்செய்த பிறகே நிறம் இட வேண்டும். அதே தரவைப் பல கிராம அலுவலர் பிரிவுகள் அடங்கிய பிரதேச செயலக அளவில் கூட்டினால் வேறு படம் வரும். இரண்டையும் பார்க்காமல் முடிவெடுப்பது ஆபத்து. பிரிவின் சராசரியை அங்கு வாழும் ஒவ்வொருவர்மேலும் ஏற்றிச் சொல்வதும் தவறு.

மிகக் கெட்ட பிழை தரவிலேயே தொடங்குகிறது. நிலையப் பதிவேட்டில் வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வர முடியாதவர் வாழும் இடம் நோயில்லாத இடமாக வெளுத்துத் தெரியும். ஆகவே பதிவேட்டோடு, எழுந்தமானமாகத் தெரிவுசெய்த வீடுகளுக்குப் போய், எத்தனை பற்கள் எஞ்சியுள்ளன, கட்டுப்பல் இருக்கிறதா, இருந்தால் போட்டுச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக் குறித்த தரவும் மாதிரியுருவுக்குள் போக வேண்டும்.