தீவில் ஹோட்டல் வருகிறதா? "99 அறை" கதையைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள்

இலங்கையின் கிழக்கில், வாவிக்குள் இருக்கிற சின்னத் தீவொன்றில் கபானா (சுற்றுலாக் குடில்), படகுத்துறை என்று ஏதோ வரப்போவதாகக் கதை அடிபடுகிறது. மீனவர் சங்கத்தார் கந்தோருக்குப் போய்க் கேட்கிறார்கள். "99 அறைக்கு மேலே போனால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேணும். இது இருபது அறைதானே" என்று பதில் வருகிறது. சனமும் சரியென்று திரும்பிவிடுகிறது. இப்படித் திரும்பியவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

99 அறை அல்லது 40 ஹெக்டேயர் என்ற அளவு பொய் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வர்த்தமானியில் வந்த, மதிப்பீடு வேண்டிய வேலைகளின் பட்டியலில் அது இருக்கிறது. ஆனால் முழுக்கக் கரையோர வலயத்துக்குள் நடக்கிற வேலைக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. அதற்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இருக்கிறது. கரையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் அந்த வலயம். கடலோடு தொடுக்கும் வாவிகளின் நீரும் முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரைக்கும் அந்த வலயந்தான்; 2011இல் வந்த திருத்தத்தோடு அதன் ஓரமாக 100 மீற்றர் நிலமும் சேர்ந்துகொண்டது. இந்த எல்லைக்குள் வருகிற வாவித் தீவாகட்டும், வாகரைப் பக்கம் கடலில் இருக்கிற சல்லித்தீவாகட்டும், முதலில் கேட்க வேண்டியது கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்தை. மதிப்பீடு வேண்டுமா என்று தீர்மானிப்பது அந்தத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம். பத்து அறை என்றாலும் அவர் கேட்கலாம்.

அடுத்த பொறி காணி. "காணி குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று பிரதேச செயலகத்தில் சொல்வார்கள். காணிக் குத்தகை வேறு கோவை, கரையோர அனுமதி வேறு கோவை. ஒன்று முடிந்ததால் மற்றதும் முடிந்ததாக ஆகாது. பிரதேச சபையின் கட்டட அனுமதியும் அப்படித்தான். ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டும். கைகாட்டுபவரிடம், எந்தச் சட்டத்தின் கீழ் அது அவர்களுடைய வேலை என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அநேகமாகத் தரமாட்டார்கள். ஆனால் கேட்ட கடிதம் கோவையில் ஏறிவிடும்.

அறிக்கையிலும் இரண்டு வகை உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் வர்த்தமானியில் அறிவித்து, பொதுமக்கள் பார்ப்பதற்கு வைத்து, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சின்ன அறிக்கை என்றால் அந்த 30 நாள் அழைப்பு வராது. சிறு தீவு வேலைகள் நழுவிப்போகிற வழி இதுதான். பெயரில் "சுற்றாடல்" என்று இருப்பதால் எல்லாம் ஒன்றென்று நினைத்து, வராத அறிவித்தலுக்காகச் சனம் காத்திருக்கும். அறிவித்தல் வந்தாலும் 30 நாளும் அறிவித்த திகதியிலிருந்துதான் ஓடும். உங்கள் காதுக்கு எட்டிய நாளிலிருந்து இல்லை.

கலந்துரையாடல் என்று கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, வரவுப் பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு அறிக்கையில் "பிரதேச மீனவர்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறும். கையெழுத்துப் போடுகிற இடத்திலேயே "சமூகமளித்தேன், இணங்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

எதிர்ப்பை எழுதும்போது "எங்கள் வளத்தை அழிக்க வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் எந்த மாதம் தீவில் கால் வைத்தார்கள்? சித்திரையில் காய்ந்து கிடக்கிற இடம் மார்கழி வெள்ளத்தில் எவ்வளவு தாழும் என்று அளந்தார்களா? குளிர்காலப் பறவைகள் வருகிற மாதங்களில் யாராவது பார்த்தார்களா? முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிற காலத்தில் வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை. அப்போது மலசலகூடக் கழிவுநீர் எங்கே போகும்? குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கண்டலை வெட்டித்தான் படகுத்துறையா? இறால் வலை போடுகிறவர்களின் தோணிப்பாதையில் இயந்திரப் படகு ஓடுமா? உள்ளூர் ஆளுக்கு இவை தெரிந்த சங்கதிகள். காய்ந்த காலத்தில் வந்து எழுதிய அறிக்கையில் இவற்றுக்கு அநேகமாகப் பதில் இராது.

நீங்கள் அந்தத் தீவைப் பாவிக்கிறவர்கள் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். பரம்பரையாகத் தொழில் செய்கிறோம் என்ற வாய்ப்பேச்சு எடுபடாது. மீன்பிடிப் படகுப் பதிவு, சங்கக் கூட்டக் குறிப்பு, வலை உணர்த்துகிற இடத்தின் படம், கிராம சேவையாளரின் கடிதம் என்று கிடைப்பதைச் சேர்த்து இணையுங்கள். கிராம சேவையாளரின் கடிதத்தைக் கடைசிக் கிழமை வரைக்கும் விட்டுவைக்க வேண்டாம். அவர் எப்போதும் "கூட்டத்துக்குப் போயிட்டார்".

தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி ஒரு கந்தோரில் வயசாளி ஒருவரை அலைக்கழித்ததைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வழக்கென்று போனாலும் சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

கோவையையே காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ வாய்திறக்காமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "தகவல் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாமல், அனுமதி விண்ணப்பத்தின் பிரதி, எந்த வகை அறிக்கை கேட்கப்பட்டது என்ற கடிதம், அறிக்கையின் பிரதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அனுமதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால் அதன் நிபந்தனைகளையும் கேளுங்கள். கழிவுநீருக்கும் கண்டலுக்கும் போட்ட நிபந்தனை எதுவென்று தெரிந்தால்தான், அது மீறப்படுகிற அன்றைக்கு இலக்கத்தோடு முறைப்பாடு எழுத முடியும்.