குன்சும் கணவாய்க்கு எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

ஹிமாசலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு, சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது மணாலி வழிதான். அங்கிருந்து குன்சும் கணவாயைத் தாண்டி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சிம்லா, கின்னௌர் என்று சுற்றினால் அதைப்போல இரண்டு மடங்கு. இருந்தாலும் என் ஓட்டு சுற்றுவழிக்கே: முதலில் காஸா, பிறகு அந்தப் பக்கமிருந்து கணவாய் ஏறி மணாலி பக்கம் இறங்குவது.

முதல் காரணம் ரத்தம். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து கிளம்பினால் ஓரிரு நாளிலேயே கணவாயின் மணாலி பக்க அடிவாரமான படாலில், அதாவது 4,000 மீட்டரை ஒட்டி, தூங்க வேண்டிவரும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடும், தூக்கத்தில் இன்னும் இறுக்கமாக. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சரிக்கட்டச் சில நாள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சட்லெஜை ஒட்டி, அப்புறம் ஸ்பிட்டி ஆற்றை ஒட்டி ஏறும் கின்னௌர் வழியில் அந்த அவகாசம் தானாகவே கிடைக்கிறது.

அடுத்தது காற்று. பகலில் மலைச்சரிவுகள் சூடேறினால் பள்ளத்தாக்கின் காற்று கீழிருந்து மேல்நோக்கி இழுக்கப்படும். பிற்பகலில் அது வலுக்கும். காஸாவிலிருந்து, கணவாயின் ஸ்பிட்டி பக்க அடிவாரக் கிராமமான லோசருக்கு ஏறுபவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிரே வருபவரோ இறக்கத்திலும் மிதித்துக்கொண்டிருப்பார்.

லோசரிலிருந்து குன்சும் கணவாய்க்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் சுமார் 500 மீட்டர். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 90 கிலோ என்றால், அதை உயர்த்த மட்டும் 440 கிலோஜூல் வேண்டும். சரளையில் டயர் உருளும் தடை இன்னொரு 330 கிலோஜூலைத் தின்னும். நல்ல தார் ரோட்டில் இந்தச் செலவு கால்வாசிதான். சமவெளியில் 150 வாட் தரும் கால் இந்த உயரத்தில் 110 வாட் தந்தால் பெரிய விஷயம். ஆக, நிற்காமல் மிதித்தாலே இரண்டு மணி நேரம்.

கியரை இங்கேதான் கவனிக்க வேண்டும். சராசரியை விடச் செங்குத்தான, ஆறு சதவீத ஏற்றம் வரும் இடத்தில் 110 வாட்டுக்கு வேகம் மணிக்கு 5.6 கிலோமீட்டர்தான், சக்கரம் நிமிடத்துக்கு 42 முறை சுற்றும். முன்னும் பின்னும் சம பற்கள் இருந்தால் மிதியும் 42 சுற்றுத்தான், முழங்கால் கதறிவிடும். முன்னால் 30, பின்னால் 42 பற்கள் இருந்தால் 60 சுற்று கிடைக்கும். கடையில் வந்தபடியே இருக்கும் பல கிராவல் சைக்கிள்களில் இவ்வளவு லேசான கியர் இருக்காது. சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பையை விட முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

விடியலில் லோசரை விட்டால் மதியத்துக்குள் படால் வந்துவிடும். இறக்கம்தானே, இன்னும் முப்பது கிலோமீட்டர் போனால் சத்ரு என்ற இடம் வந்துவிடும் என்று ஆசை வரும். வேண்டாம். அந்தத் துண்டில் பனியாற்று ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டிப் பாய்கின்றன. வெயிலில் உருகிய நீர் பனிக்குள் கசிந்து ஓடைக்கு வந்துசேரச் சில மணி நேரமாகும், அதனால் வெள்ளம் உச்சம் தொடுவது பிற்பகலிலும் மாலையிலும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆழமும் கூடச் சேர்ந்து ஏறும். காலையில் கணுக்கால் நனைத்த ஓடை மாலையில் சைக்கிளையே பிடுங்கிக்கொண்டு போகலாம். இரவு குளிரில் உருகல் அடங்குவதால் விடியலில்தான் நீர் மிகக் குறைவு. படாலின் கோடைக்கால தாபாக்களில் படுக்க இடம் கிடைக்கும். தங்கிவிட்டு விடியலில் கிளம்பினால் ஓடையும் அடங்கியிருக்கும், எதிர்க்காற்றும் எழும்பியிருக்காது.

டயர் பற்றி ஒரு வார்த்தை. கல்லில் இறுக்கமான டயர் மோதினால் சைக்கிளோடு உங்களையும் தூக்கிப் போடுகிறது. அந்த ஆற்றல் உடல் தசையில் அதிர்வாகி வீணாகும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லை விழுங்கிக்கொள்ளும். ரொம்பக் குறைத்தாலோ ரிம் அடிபடும். 45 மில்லிமீட்டர் டயருக்கு 30 பிஎஸ்ஐயை ஒட்டி ஆரம்பிக்கலாம். சிம்லாவில் அடித்த அளவு கணவாய் உச்சியில், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மூன்று பிஎஸ்ஐ கூடிவிடும். குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் லோசரில் ஒரு முறையும், படாலில் காலைக் கிளம்பும் முன் ஒரு முறையும் கையில் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள்.