எட்ட நின்று தன்னைப் பார்த்தல்

1989 அக்டோபர் 17 மாலை 5.04 மணிக்கு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியை 6.9 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. 63 பேர் இறந்தனர். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், மனம் சோர்ந்திருக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் வினாத்தாள் ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா 137 மாணவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தார். எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு நடத்த முடியாத சோதனையை நிலமே நடத்திக் கொடுத்துவிட்டது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மீண்டும் விசாரித்தபோது, தம் சோர்வையே நினைத்து நினைத்துப் பார்க்கும் பழக்கம் முன்பே உடையவர்கள்தாம் கூடுதலாகச் சோர்ந்திருந்தனர். அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த சோர்வைக் கணக்கில் கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை.

தன்னைத் தானே எண்ணிப் பார்ப்பது நல்லது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சங்கடமான செய்தி. அந்த மாணவர்களும் தம்மை எண்ணித்தானே பார்த்தார்கள்? இவ்வகை எண்ணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரூமினேஷன்’ என்ற சொல், மாடு அசைபோடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலோ நாம் பெரும்பாலும் இனிய நினைவுகளைத்தான் அசைபோடுகிறோம். துயரத்தை நினைத்து உள்ளுக்குள் சுழல்வதற்கு ‘மருகுதல்’ என்ற சொல்லே பொருந்தும். 1999இல் ட்ராப்னெல், கேம்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் மருகலையும் தன்னாய்வையும் தனித்தனியே அளக்கும் வினாத்தாளை உருவாக்கினர். மருகல் எளிதில் பதறும் இயல்போடும், தன்னாய்வு புதியதை அறியும் ஆவலோடும் சேர்ந்து நின்றன. இரண்டும் உள்நோக்கிய பார்வைதான் என்றாலும், ஒன்று அச்சத்திலிருந்தும் மற்றது ஆர்வத்திலிருந்தும் கிளம்புகிறது.

மருகுபவர் ஓயாமல் கேட்கும் கேள்வி ‘ஏன்’ என்பது. எனக்கு மட்டும் ஏன், நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே போனால் என்றாவது உண்மை அகப்படும் என்று தோன்றும். ஆனால் நம் செயல்களின் காரணம் நமக்கே அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைச் சோதனையை விவரிக்கிறார்கள். ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களைக் கேட்டனர். வலது ஓரத்தில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தெடுத்தனர். காரணம் கேட்டபோது, அது இருந்த இடத்தை ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை. காரணம் தெரியாத இடத்தில், பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை மனம் தயங்காமல் எடுத்து நீட்டிவிடுகிறது. சோர்ந்த வேளையில் அது எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதாகத்தான் இருக்கும்.

அதற்காக ‘ஏன்’ என்ற கேள்வியையே கைவிட வேண்டியதில்லை. கோபம் வந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரச் சொல்லி 2005இல் ஈத்தன் க்ராஸ் குழுவினர் செய்த சோதனையில், நிகழ்ச்சிக்குள் மீண்டும் புகுந்து ‘ஏன்’ என்று கேட்டவர்களைவிட, அதை எட்ட நின்று பார்ப்பவர்போல் அதே கேள்வியைக் கேட்டவர்களுக்குக் கோபம் குறைவாகவே கிளம்பியது. அப்படியானால் பலன் கேள்வியைவிடக் கேட்பவர் நிற்கும் இடத்தையே பொறுத்தது எனலாம்.

எழுத்து அந்த இடைவெளியை உண்டாக்கும் ஒரு வழி. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். சிலர் அற்ப விஷயங்களைப் பற்றியும், மற்றவர்கள் தம் வாழ்வின் பெருந்துயரைப் பற்றியும் எழுதினர். துயரத்தை எழுதியவர்களுக்கு அந்தந்த நாளில் மனம் மேலும் கனத்தது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களே பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் குறைவாகச் சென்றனர். பின்னாளில் இத்தகைய எழுத்துகளைக் கணினி கொண்டு சொல் சொல்லாக எண்ணியபோது, நலம் பெற்றவர்களின் எழுத்தில் ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிவந்தது தெரிந்தது. முதல் நாள் சிதறிக் கிடந்த துயரம் நான்காம் நாளுக்குள் முன்பின் உள்ள ஒரு கதையாகத் திரண்டிருந்தது. முதல் நாள் எழுதியதையே நான்காம் நாளும் எழுதுவது மருகலின் எழுத்து வடிவம், அவ்வளவுதான். இதைச் சர்வரோக நிவாரணி என்றும் எண்ணிவிடக் கூடாது: 146 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பலன் உண்மை என்று தெரிந்தது, ஆனால் சிறியது என்றும் தெரிந்தது. தூக்கமும் பசியும் கெடும் அளவுக்கு வாட்டும் துயரத்துக்கு நோட்டுப் புத்தகம் போதாது. மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் எளிய வழி, தன்னைத் தன் பெயரால் அழைப்பது. மேடைப் பேச்சுக்கு ஐந்தே நிமிட அவகாசம் கொடுத்துச் செய்த சோதனை ஒன்றில், ‘நான்’ என்று தமக்குள் பேசிக்கொண்டவர்களைவிடத் தம் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் நன்றாகவும் பேசினர், பிறகு குறைவாகவும் கூசினர். க்ராஸ் குழுவின் இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. 2017இல் ஜேசன் மோசர் குழுவினர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தபோது, கலவரப்படுத்தும் படத்தைப் பார்த்தபடி தம்மைப் படர்க்கையில் எண்ணியவர்களிடம், உணர்ச்சி எழுச்சியைக் காட்டும் அலை ஒரு நொடிக்குள்ளேயே தணிந்தது. ‘அம்முவுக்குப் பசிக்குது’ என்று நம் வீட்டுக் குழந்தைகள் பேசுவதைக் கேட்டிருப்போம். நமக்கு இது அப்படியொன்றும் புதிய இலக்கணமில்லை.

தங்கையிடம் தொலைபேசியில் எரிந்து விழுந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு நோட்டைத் திறக்கும் கவிதா என்ற ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். ‘எனக்கு ஏன் வாய் அடங்குவதில்லை’ என்று எழுதினால் அடுத்த வரி பழைய சண்டைகளின் பட்டியலாகத்தான் நீளும். ‘கவிதா மதியம் சாப்பிடவில்லை. அலுவலகத்தில் வாங்கிய ஏச்சு மனத்தில் இருந்தது. தங்கை பணம் கேட்கவில்லை, அம்மாவின் கண் பரிசோதனையைப் பற்றித்தான் கேட்டாள்’ என்று அவள் எழுதுகிறாள். மூன்றாவது வாக்கியத்தை முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு, தங்கை இன்னும் தூங்கியிருக்க மாட்டாள் என்று கடிகாரத்தைப் பார்க்கிறாள்.