கறியும் சோறும் போட்டால் நாய்க்குப் போதுமா?

நாய்க்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் பெருமையோடு பதில் சொல்பவர்கள் உண்டு. "கடைத் தீவனமே கிடையாது டாக்டர். வீட்டுல சமைச்ச கோழியும் சோறும்தான். நாங்க சாப்பிடுறதைவிட அது நல்லா சாப்பிடுது." நாயைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும். துறுதுறுவென்று இருக்கும். தட்டை வழித்து நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று நிற்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எதுவும் இருக்காது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எதிரி அல்ல. கணக்குப் போட்டுச் சமைத்தால் ஒரு நாய் ஆண்டுக்கணக்கில் அதிலேயே நன்றாக இருக்கும். சில நோய்களுக்கு நானே அதைத்தான் எழுதித் தருகிறேன். ஆனால் கறி, சோறு, கொஞ்சம் காய் என்று கண்ணளவில் போடும் சாப்பாட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே பெரிய ஓட்டை. கால்சியம். மற்ற குறைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

இந்தக் கோழி-சோறு பழக்கம் பல வீடுகளில் மருத்துவரிடமிருந்தே தொடங்குகிறது என்பது வேடிக்கை. வயிறு கெட்டிருக்கும்போது சில நாள் வேகவைத்த கோழியும் சோறும் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். வயிறு சரியாகிவிடுகிறது, நாயும் விரும்பிச் சாப்பிடுகிறது. அப்புறம் அதுவே நிரந்தர மெனு ஆகிவிடுகிறது. சில நாளைக்கு அது நல்ல சாப்பாடுதான். வருடக்கணக்கில் என்றால் கதை வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோ எடை, வளர்ந்த நாய், கருத்தடை செய்தது. எடையை மூன்று தடவை பெருக்குங்கள் (10 × 10 × 10). கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். வருவதை 70 ஆல் பெருக்கினால் 394 கிலோ கலோரி. இது சும்மா படுத்துக் கிடப்பதற்கே ஆகும் செலவு. கருத்தடை செய்த நாய்க்கு இதை 1.6 ஆல் பெருக்குவோம், செய்யாததற்கு 1.8. ஆக, நம் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கிலோ கலோரி. எடை இரண்டு மடங்கானால் சாப்பாடும் இரண்டு மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். 20 கிலோ நாய்க்கு இதே கணக்கில் வருவது 1,060 தான், 1,260 அல்ல. பெரிய நாய்கள் குண்டாவதற்கு இந்தத் தப்புக் கணக்கும் ஒரு காரணம்.

இப்போது அந்த 630-ஐ நிரப்புவோம். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 200 கிராம், வடித்த சோறு 230 கிராம். கலோரி கச்சிதமாக வந்துவிடுகிறது. புரதம் 65 கிராமைத் தாண்டுகிறது, இந்த நாய்க்குத் தேவையான குறைந்தபட்ச அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கால்சியத்தைப் பாருங்கள். கோழியில் 30 மில்லிகிராம், சோற்றில் இருபது சொச்சம். எல்லாம் சேர்த்து 55-ஐத் தொடவில்லை. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ, 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் வேண்டும் என்கிறது. நம் நாய்க்கு அது 790 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இதே தட்டில் பாஸ்பரஸ் 550 மில்லிகிராம் இருக்கிறது. அதுதான் கூடுதல் தொல்லை. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், இரண்டு மடங்கு வரை போகலாம். இங்கே தலைகீழாக, பாஸ்பரஸ் பத்து மடங்கு. இன்னும் கொஞ்சம் கறி சேர்த்தால் சரியாகுமா என்றால், கறி சேரச் சேரப் பாஸ்பரஸ்தான் ஏறும். ஈரல் இந்த விஷயத்தில் கறியைவிட மோசம்.

உடல் இதைச் சும்மா விட்டுவிடாது. இதயத் துடிப்புக்கும் தசை இயக்கத்துக்கும் ரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். சாப்பாட்டில் வரவில்லை என்றால், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரந்து, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் நார்மல் என்று வரும். "டெஸ்ட் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். எலும்பு அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பது அந்தத் தாளில் தெரியாது.

வளர்ந்த நாயில் இது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மறைந்தே இருக்கும். முற்றிப்போனால் தாடை எலும்பு இளகிப் பற்கள் ஆடும். குட்டிகளில் அவ்வளவு காலமெல்லாம் கிடைக்காது. ஐந்து மாதக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோபாவில் இருந்து குதித்ததாம், அதிலிருந்து பின்னங்காலை ஊன்றவில்லை. வந்த நாள் முதல் எலும்பில்லாத கறியும் சோறும்தான். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முறிந்திருந்தது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது முறியாத எலும்புகள். சுற்றியுள்ள சதைக்கும் எலும்புக்கும் நிற வித்தியாசமே சரியாகத் தெரியவில்லை. தடித்த வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பின் ஓரம் பென்சில் கோடு போல மெலிந்து கிடந்தது. சோபா உயரத்துக்கு உடைகிற எலும்பா அது? சரிவிகிதச் சாப்பாடும் கூண்டுக்குள் ஓய்வுமாகச் சில வாரங்களில் எலும்பு தேறியது. இடுப்பெலும்போ முதுகெலும்போ கோணிப்போன பிறகு வந்திருந்தால் அந்தக் கோணலை எடுத்திருக்க முடியாது.

சரி, பால் கொடுக்கிறோமே என்பார்கள். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். நம் 10 கிலோ நாயின் பற்றாக்குறையை ஈடுகட்ட 600 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அன்றைய கலோரியில் பாதிக்கு மேல் பாலிலேயே போய்விடும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, மறுநாள் வீட்டைக் கழுவ வேண்டி வரும். கீரை? அதிலிருக்கும் கால்சியத்தில் நிறைய, கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்து வெளியே போய்விடுகிறது. எலும்பு? வேகவைத்த எலும்பு கூர்மையாகச் சிலாம்பு சிலாம்பாக உடையும். தொண்டையில், குடலில் குத்திய எலும்பை எடுத்துக் கொடுத்த அனுபவம் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது முட்டை ஓட்டுத் தூள். ஓடு ஏறத்தாழ முழுக்கக் கால்சியம் கார்பனேட். எடையில் 38 சதவீதம் அளவுக்குக் கால்சியம். பாஸ்பரஸ் சொற்பம் என்பதால் கறிச் சாப்பாட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, மிக்ஸியில் மாவு போல அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. மேலே சொன்ன தட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் போதும். தலைதட்டிய தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம் என்பதால் அரைக் கரண்டிக்கும் குறைவு. பாஸ்பரஸோடு உள்ள விகிதமும் ஒன்றரைக்கு ஒன்று என்று சரியாகிவிடும்.

நல்லதுதானே என்று கரண்டி கரண்டியாகக் கொட்டாதீர்கள். அதிகக் கால்சியம் துத்தநாகம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கு இது இன்னும் ஆபத்து. சில மாதக் குட்டியின் குடலால் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது, வந்ததெல்லாம் உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் கெடுத்துவிடும். குறைந்தாலும் கோளாறு, கூடினாலும் கோளாறு. அதனால் குட்டிகளுக்கு, குறிப்பாகப் பெரிய இனங்களுக்கு, விலங்கு ஊட்டச்சத்து நிபுணர் கணக்கிட்டுத் தராமல் வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்பதே என் கருத்து. வளரும் வரை குட்டிகளுக்கென்றே செய்த முழுமையான தீவனம் கொடுங்கள். பிறகு சமைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுத் தூள் போட்டதும் கோழி-சோறு முழுமையாகிவிட்டதா என்றால், இல்லை. அந்தத் தட்டில் துத்தநாகம் 3 மில்லிகிராம்தான், தேவையில் கால் பங்கு. கண்ணைச் சுற்றியும் வாய் ஓரத்திலும் பொருக்குத் தட்டி, பாதம் தடித்து வரும் நாய்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். 'அலர்ஜி' என்று மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். வைட்டமின் டி-யும் குறைவு. வெயிலில் விளையாடுகிறதே என்று சொல்ல முடியாது, நாயின் தோல் நம் தோலைப் போல வெயிலில் அதைத் தேவையான அளவு தயாரிப்பதில்லை. சாப்பாட்டில்தான் வர வேண்டும். அயோடின், தாமிரம், வைட்டமின் ஈ, தாவர எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாரத்தில் கொஞ்சம் ஈரல் சேர்த்தால் தாமிரமும் வைட்டமின் ஏ-யும் கிடைக்கும். தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ மிகையாகி அதுவே எலும்பைப் பாதிக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரி 2013-இல் 200 சமையல் குறிப்புகளை அலசியது. புத்தகங்களிலும் இணையத்திலும் வந்தவை. 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது தேவையான அளவுக்கு இல்லை. 83 சதவீதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குறை. "இன்னைக்குக் கோழி, நாளைக்கு மீன், மறுநாள் முட்டைன்னு மாத்தி மாத்திக் குடுக்கிறோம், எல்லாம் சமமாயிடும்" என்று சொல்வார்கள். வெவ்வேறு குறிப்புகளைச் சுழற்றிப் பார்த்தும் குறை தீரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எல்லாக் குறிப்பிலும் இல்லாத ஒன்று சுழற்றினால் எங்கிருந்து வரும்?

ஆகவே கடைசியில் ஒரு கனிம-வைட்டமின் கலவை தேவைப்படும். வீட்டுச் சாப்பாட்டோடு சேர்ப்பதற்கென்றே நாய்களுக்காகத் தயாரித்தது, உங்கள் நாயின் குறிப்புக்கு ஏற்ற அளவில். நாம் விழுங்கும் மல்டிவைட்டமின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். சிலவற்றில் இனிப்புக்குச் சைலிட்டால் இருக்கும், அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும். வைட்டமின் டி சொட்டு மருந்தும் அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குறிப்பு சரியாக இருந்தும் சாப்பாடு தடம் மாறுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். முதல் மாதம் தராசில் நிறுத்துச் செய்வார்கள். அப்புறம் மீன் எண்ணெய் தீர்ந்திருக்கும், ஓட்டுத் தூள் அரைக்க நேரம் இருந்திருக்காது, நெஞ்சுக்கறிக்குப் பதில் தோலோடு தொடைக்கறி வந்திருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அதே குறிப்பைத்தான் செய்கிறோம் என்பார்கள், மனமறியப் பொய் சொல்லவில்லை. சமையலறையில் ஒரு டிஜிட்டல் தராசும் சுவரில் ஒட்டிய தாளும் இருக்கட்டும். எதை மாற்றினாலும் கேட்டுவிட்டு மாற்றுங்கள். தின்பண்டம், பிஸ்கட் எல்லாம் சேர்ந்து அன்றைய கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், மக்கடேமியா கொட்டை, ஈஸ்ட் போட்ட பச்சை மாவு நாய்க்கு ஆகாது என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நழுவுவது வெங்காயமும் பூண்டும்தான். வெங்காயத் துண்டு யாரும் போடுவதில்லை, குழம்பில் வெந்த கறியை எடுத்துப் போடுகிறார்கள். வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் அதன் நஞ்சு போகாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்போது குழம்பு யாருக்கும் நினைவிருக்காது. நாய்க்குத் தனிப் பாத்திரத்தில், மசாலா இல்லாமல் வேகவையுங்கள்.

புதுச் சாப்பாட்டுக்கு 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுங்கள். முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது என்ன போடுகிறீர்கள், எத்தனை கிராம் என்று எழுதி எடுத்துப் போங்கள். சிறுநீரக நோய், கணைய அழற்சி உள்ள நாய் என்றால் மேலே சொன்ன அளவுகள் எதுவும் பொருந்தாது. அதற்குத் தனிக் கணக்கு.

வீட்டில் பூனையும் இருந்தால் இதே சட்டியில் இருந்து அதற்கும் எடுத்து வைத்துவிடாதீர்கள். நாய் தன் உடலிலேயே செய்துகொள்ளும் டாரின் என்ற சத்தைப் பூனையால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அது இல்லாமல் போனால் பூனைக்குப் பார்வையும் இதயமும் பழுதாகும்.