திசு வால்வு திடீரெனப் பழுதானால்

இதய வால்வை மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் எக்கோ (இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும்) பரிசோதனைக்குக்கூட வருவதில்லை. ஆனால் மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்யப்படும் திசு வால்வுக்கு ஆயுள் உண்டு. பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள். இளவயதினருக்கும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் அதற்கு முன்பே பழுதாகலாம்.

வால்வின் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து வரும் அடைப்பு மெல்லத்தான் முற்றும். இதழ் கிழிந்தால் கதை வேறு. நேற்று வரை நடமாடியவர் இன்று படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பார். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் இறங்கும். இதை ஆஸ்துமா என்றோ சளி என்றோ நினைத்து நெபுலைசர் வைத்து நேரத்தைக் கடத்துவதுதான் நான் அதிகம் அஞ்சுவது. வால்வு மாற்றியவருக்குப் புதிதாக மூச்சிரைத்தால் முதலில் எக்கோ எடுங்கள்.

அந்த நிலையில் நெஞ்சை மறுபடி திறப்பது பெரும் ஆபத்து. இங்கேதான் கதீட்டர் சிகிச்சை, அதாவது இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் சிகிச்சை, கைகொடுக்கிறது. 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற இதய மருத்துவர் முதன்முதலாக ஒருவருக்குக் கதீட்டர் வழியே அயோர்ட்டிக் வால்வை (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் வாயிலில் உள்ளது) பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே பழுதான திசு வால்வுக்குள்ளும் அதே முறையில் புது வால்வை வைக்கத் தொடங்கினார்கள். அயோர்ட்டிக் வால்வுக்குப் பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகப் போகிறோம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வென்றால் தொடைச் சிரை வழியே ஏறி, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்துப் போவோம். புது வால்வு விரியும்போது பழைய இதழ்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பழைய வளையத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

சரி, எந்த அளவு வால்வு வைப்பது? ஒரே எண் போட்ட இரண்டு வால்வுகளின் உள்விட்டம் தயாரிப்பைப் பொறுத்து மாறும். பழைய இதழ் இதயத் தமனியின் வாயை மூடிவிடுமா, மைட்ரல் என்றால் இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பாதை குறுகிவிடுமா என்றும் பார்க்க வேண்டும். நிதானமாகச் செய்யும்போது சி.டி. ஸ்கேன் எடுத்து அளந்துவிடுவோம். மூச்சுத்திணறலில் படுக்கவே முடியாதவருக்கு அதற்கு நேரம் கிடைக்காமல் போகலாம். அப்போது வால்வின் பெயரும் அளவும் எழுதிய அட்டை இருந்தால் முடிவெடுப்பது எவ்வளவோ எளிது. அதைப் படம் பிடித்து உங்கள் போனிலும் வீட்டார் போனிலும் வைத்திருங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. உலோக வால்வுக்குள் இன்னொரு வால்வை வைக்க முடியாது; இரத்தக்கட்டி சேர்ந்து அது நின்றுவிட்டால் கட்டியைக் கரைக்கும் மருந்து அல்லது அறுவை சிகிச்சைதான். காய்ச்சலோடு வந்தால் வால்வில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் அதன்மேல் புது வால்வு வைக்கக் கூடாது.

சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பியவருக்கும் ஆண்டுதோறும் எக்கோ உண்டு. பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் தேவை என்பதைப் பல் மருத்துவரிடம் அவரே சொல்ல வேண்டும். மைட்ரலில் வைத்தவர்களுக்குக் குறைந்தது 3 மாதமாவது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுப்பது வழக்கம். உடம்பு தேறிவிட்டது என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.