சொல் விளக்கம்: ஆப்வியஸ்

காப்புரிமைச் (பேடன்ட்) சட்டத்தில் வரும் 'ஆப்வியஸ்' என்பதை 'வெளிப்படையானது' என்று எழுதிவிடுகிறோம். அகராதிக்கு அது சரி. லத்தீனில் 'ஓப்' என்றால் எதிரே, 'வியா' என்றால் வழி. போகிற வழியில் எதிர்ப்படுவது என்பதே வேர்ப்பொருள். சட்டத்துக்கு அது போதாது. ஒன்று ஏற்கெனவே வெளியில் இருக்கிறதா என்பது புதுமை பற்றிய கேள்வி. ஆப்வியஸ் அதற்கு அடுத்த கேள்வி: வெளியில் இருப்பதை வைத்து, அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவர் இதற்கு வந்து சேர்ந்திருப்பாரா? இதுவரை யாரும் பார்த்திராத பொருள்கூட ஆப்வியஸ் ஆகலாம்; ஆனால் அதற்குக் காப்புரிமை கிடைக்காது.

காவிரி டெல்டாவில் இதற்கு உதாரணம் வயலிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கி அழுகுவது இங்கே பழகிப்போன துயரம். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அந்தக் குணம் ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பது 1996-ல் தெரிந்தது. அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-ல்தான் அடையாளம் கண்டார்கள். சுவர்ணா ரகத்தில் அதை ஏற்றியது பலித்தது. பிறகு நம் விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர். 1009-லும் ஏற்றி, சி.ஆர். 1009 சப்1 வந்தது.

இந்தக் கடைசிப் படி ஆப்வியஸா? என் பார்வையில் ஆம். ரகம் புதிது, பயன் மிகப் பெரிது, உழைப்பும் கொஞ்சமல்ல. ஆனால் சுவர்ணாவில் பலித்தது இதிலும் பலிக்கும் என்று ஆடுதுறையில் நெல் ஆராயும் எவரும் எதிர்பார்த்திருப்பார். 2006-க்கு முந்தைய தேடல் அப்படியல்ல. குரோமோசோம் தெரிந்தபிறகும் மரபணுவைப் பிடிக்கப் பத்தாண்டு ஆனது. (இந்தியாவில் பயிர் ரகத்துக்கு 3(ஜெ) பிரிவுப்படி காப்புரிமையே கிடையாது. அளவுகோலைப் புரிந்துகொள்ளத்தான் இந்த உதாரணம்.)

அமெரிக்காவில் இந்த அளவுகோல் நகர்ந்திருக்கிறது. புரதம் தெரியும் என்பதால் அதை உருவாக்கும் மரபணு ஆப்வியஸ் ஆகிவிடாது என்றது 1995-ன் டியூல் தீர்ப்பு. 2009-ல் கூபின் வழக்கில், புரதமும் தெரியும், மரபணுவைப் பிரிக்கும் முறையும் தெரியும், பலிக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கவும் முடியும், ஆகவே ஆப்வியஸ் என்றார்கள். வல்லுநரின் கை தேறத் தேற, கண்டுபிடிப்பாளருக்கு வாசல் குறுகும். அதனால்தான் விண்ணப்பித்த நாளில் துறை எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். விடை தெரிந்தபிறகு எல்லாமே சுலபமாகத் தோன்றும்.

இதற்கு ஏற்ற வினை தமிழில் உண்டு: உய்த்துணர்தல். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் கடைசி 'உய்த்துணர வைப்பு'. சொன்னதைக் கொண்டு சொல்லாததை அறிய விடுவது. ஆகவே 'எளிதில் உய்த்துணரத்தக்கது' என்பேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் 'வெளிப்படை' விட்டுவிடும் அந்த அறிகிற ஆளை இது விடுவதில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவை அப்போது இப்படிப் படிக்கலாம்: புத்தாக்கப் படி (இன்வென்டிவ் ஸ்டெப்) என்பது, இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ கொண்டு, துறை வல்லார் எளிதில் உய்த்துணர முடியாதபடி கண்டுபிடிப்பை ஆக்கும் கூறு.